வேல் பொறித்த வில்லை

பூப்பறிக்கும் துரட்டிக்குப் பூசையறைக்குள் என்ன வேலை?

பிரம்மநாயகி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி படியிலேயே நின்றாள். புறவாசலில் நந்தியாவட்டை மரத்தில் சாத்தி வைக்கிற துரட்டி அது. மெல்லிய மூங்கில் கழி, நுனியில் கொக்கி மாதிரி கட்டிய ஒரு கவட்டைக் குச்சி. எட்டாத கிளையை வளைத்துப் பூவைப் பறித்ததும் பழைய இடத்திலேயே சாத்திவிடுவார்கள். அது இப்போது சாமி மாடத்துக்குக் கீழே தரையில் குறுக்காகக் கிடந்தது.

குழந்தை விளையாடிப் போட்டிருக்கும் என்று நினைக்க, கோமுவின் வீட்டில் குழந்தை கிடையாது. யாரோ ஒட்டடை அடித்துவிட்டு மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சாவு விழுந்த வீட்டில் தீட்டுக் கழியும்வரை பூசையறையைத் திறக்க மாட்டார்கள். கோமு போன அன்று யாரோ இழுத்துச் சாத்திய கதவு, பதினாறாம் நாளான இன்றைக்குத்தான் திறக்கிறது. அப்படியானால் துரட்டி அதற்கு முன்பே உள்ளே வந்திருக்க வேண்டும்.

எந்தப் பொருளும் தன் இடத்தை விட்டு வேறு இடத்தில் இருந்தால், ஏன் என்று தெரியாமல் பிரம்மநாயகியால் அதைத் தாண்டிப் போக முடியாது. பிறவிக் குணம். ஆனால் இதற்கு உடனே விடை கிடைக்கவில்லை.

சென்ற வார அத்தியாயத்தில் நாம் கோமுவைத் தாமிரபரணிக் கரையில் விட்டுவிட்டு வந்தோம். கருப்பட்டி வியாபாரத்துக்காகக் குலசேகரன்பட்டினம் போயிருந்த ஐயம்பெருமாள் வண்ணார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியபோது, அவன் மனைவி கோமு புறவாசல் அறையில் நினைவில்லாமல் கிடந்தாள். வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டு ஓடினான். வண்டி பாலத்தில் ஏறும்போதே மூச்சு அடங்கிவிட்டது. கரு கலைந்து உதிரம் நிற்காமல் போயிருக்கிறது என்றார் டாக்டர் ஞானையா. “கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால்” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

கோமு, பிரம்மநாயகியின் கணவர் அம்பலவாணனுக்கு ஒரே தங்கை. பாவாடை கட்டிய வயதில் “மதினி, மதினி” என்று இவள் பின்னாலேயே சுற்றியவள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் கோமு. நடுவில் ஒரு பித்தளை வில்லை.

அந்த வில்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வைத்திய சகாய நிதி என்று அம்பலவாணன் ஒன்று தொடங்கியிருந்தார். ஊரார் அதைப் பிடியரிசி நிதி என்பார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை அதைத் திரட்டி மண்டியில் விற்பார்கள். அந்தப் பணத்தில் டாக்டருக்கும் நர்சு இன்பமணிக்கும் சம்பளம், மருந்துக்கு விலை. நோய் வந்த பிறகு பணம் தேடி ஓடுவதற்குப் பதில், நன்றாக இருக்கும்போதே எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைப்பது. யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வது. இந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. நம் ஜில்லாவில் வேறு யாரும் இப்படிச் செய்து அம்பலவாணன் கேள்விப்பட்டதில்லை.

சேர்ந்த வீட்டுக்கு ஒரு வில்லை. அதைக் காட்டினால்தான் டாக்டர் பார்ப்பார். முதலில் வெறும் பித்தளைத் துண்டாகத்தான் கொடுத்தார்கள். வெளியூர் மைத்துனனுக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் அது கைமாறியது. ஒருவன் கடையில் அடகே வைத்துவிட்டான். அம்பலவாணன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வில்லையில் முருகனின் வேலைப் பொறிக்கச் செய்தார். அதோடு புரட்டு நின்றது. வேலைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லா வீட்டிலும் வில்லை தானாகவே சாமி மாடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தனை நன்றாக ஓடிய நிதியில் ஒரே ஒரு புதிர். இதுவரை எந்தப் பெண்ணும் அந்த வில்லையோடு டாக்டரிடம் போனதில்லை.

காரியம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அநேகமாக எல்லாரும் நிதியைச் சேர்ந்தவர்கள். பிரம்மநாயகிக்குப் பூசையறையிலிருந்து அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“துக்க வீட்டுல பேசப்படாதுதான்” என்று தொடங்கினார் திருஞானசம்பந்தம். அரிசி மண்டிக்காரர், நிதியின் பொருளாளர். “ஆனா எல்லாரும் ஒண்ணாக் கூடுதது இன்னைக்குத்தான். வே அம்பலவாணம், தப்பா எடுக்கப்படாது.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கி வச்ச பங்கு தொடப்படாம அப்படியே கெடக்கு. யாரும் வரல. வராதவங்களுக்கு எதுக்குவே ஒதுக்கணும்? அதை உழைக்கப் போறவனுக்கு மாத்துவோம். வயல்ல பாம்பு கடிச்சவன், வண்டி ஏறிக் காலு போனவன், இவங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்க வழி பண்ணலாம். நிதி இனிமே ஆம்பளைகளுக்கு மட்டும்னு இன்னைக்கே தீர்மானிச்சிருவோம்.”

“அண்ணாச்சி சொல்லுதது ஞாயம்தான்” என்றார் வண்டிப்பேட்டைத் தளவாய். “நம்ம பொம்பளைங்க கல்லுல்லா! ஒரு மொடக்கு சுக்குக் கசாயம் குடிச்சா எந்திச்சு மாவாட்டப் போயிருவாளுவ. என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தா, காய்ச்சல்தான் பயந்து ஓடும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வர, சிரிப்பு பாதியில் நின்றது.

அம்பலவாணன் குறுக்கிட்டார். “அந்த அரிசிய எடுத்து வைக்கது யாரு? நீங்களா, நானா? எல்லா வீட்டுலயும் பொம்பளைதான எடுத்து வைக்கா? போடுத கைக்கு மருந்து கெடையாதுன்னா அது என்ன ஞாயம்?”

“போடுததுக்கு வாரா. எடுக்கதுக்கு வரலையே. ஏன்னு நீரே சொல்லும்” என்றார் திருஞானசம்பந்தம்.

அம்பலவாணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

“நீரு ஊர் ஊராப் போயிச் சொல்லிப் பாத்தீரு. வீட்டுக்கு வீடு சொல்லிப் பாத்தீரு. உம்ம கூடப் பொறந்தவளே வரலையே வே.”

சொல்லிவிட்டுத் திருஞானசம்பந்தம் தானே பதறிப்போய், “மனசு தாங்காமத்தான் சொல்லுதேன். எம் மடியில வளந்த புள்ள அவ” என்றார். பொய்யில்லை. கோமுவுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான்.

பிரம்மநாயகி நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தாள். வில்லை அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்து தொலையாமல் இருக்க ஆணியின் தலையை மேல்நோக்கி வளைத்துவிடச் சொன்னதும் அம்பலவாணன்தான்.

அப்போதுதான் சுவரைக் கவனித்தாள். ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சில் கீறல்கள். ஒன்றிரண்டு இல்லை, கோழி கிளறின மண் மாதிரி. எல்லாமே கீழிருந்து மேலாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து. அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டே அவள் கண் பின்னால் வந்தது. வந்து நின்ற இடம், தான் நின்றுகொண்டிருந்த வாசற்படி.

படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு யாரோ துரட்டியை நீட்டியிருக்கிறார்கள்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் புறவாசலுக்குப் போனாள்.

கிணற்றடியில் இசக்கியம்மா சாவு வீட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்கு வெளுக்கிறவள். தீட்டு நாட்களில் ஒதுங்கி உட்காரும் பெண்களுக்கு மாற்றுச் சேலை கொண்டு வருவதும், அழுக்கானதை எடுத்துப் போவதும் அவள்தான்.

“இசக்கி, கோமு ஒதுங்கி இருந்தப்ப நீ வந்தியா?”

இசக்கியம்மாவின் கை நின்றது. “வந்தேன் தாயி. தெனமும் வந்தேன்.”

“தெனமுமா?”

“தெனமும் மாத்துச் சேலை கேட்டாவ. அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு தடவை கேட்டாவ. இது மாசாமாசம் வாரது இல்ல தாயின்னேன். ‘பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய்க்குத் தெரியப்படாது இசக்கி, வெளிய சொல்லாத’ன்னாவ. அவுக சோத்தைப் படியில வச்சுட்டு, மொகத்தைப் பாக்காமப் போயிருவாவ. வழக்கமா ஒதுங்கியிருக்கான்னு நெனச்சாவ.”

“எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“கேட்டேன் தாயி, போயிச் சொல்லட்டுமான்னு. ‘அண்ணன் என்னன்னு கேட்டா நீ என்னத்தைச் சொல்லுவ? வேண்டாம்’னுட்டாவ. ‘ரெண்டு நாள்ல நின்னுரும். நின்னதும் தலைக்கு முழுகிட்டு, நானே சாமி மாடத்துலேர்ந்து வில்லைய எடுத்துக்கிட்டு டாக்டருகிட்ட போறேன்’னாவ.”

“அந்த வில்லைய நீ எடுத்துக் குடுத்திருந்தா…”

இசக்கியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “பூசையறைக்குள்ள நான் போலாமா தாயி?”

பிரம்மநாயகி பூசையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

உதிரம் நின்றால்தான் தலைக்கு முழுகலாம். முழுகினால்தான் சாமி மாடத்தைத் தொடலாம். மாடத்தைத் தொட்டால்தான் வில்லை. வில்லை இருந்தால்தான் டாக்டர். டாக்டர் வந்தால்தான் உதிரம் நிற்கும்.

பூட்டை இழுத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அதே பெட்டிக்குள் போட்டு வைத்தது போல. கோமு அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நின்றுவிடும், நின்றுவிடும் என்று நாளைத் தள்ளியிருக்கிறாள். நிற்கவில்லை. கடைசியில் பயம் வந்து, துரட்டியை எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே கால் வைக்காமல், கை படாமல், கொக்கியால் எடுத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். வளைத்த ஆணி விடவில்லை. கை சோர்ந்து துரட்டி நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. அதை எடுக்கவும் படியைத் தாண்ட வேண்டும்.

தாண்டியிருக்கக் கூடாதா கோமு? முருகன் என்ன கண்ணைக் குத்தியா விடுவான்?

கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள். போன ஆடியில் அவளுக்கும் வயிற்றைப் பிசைந்துகொண்டு உதிரம் போயிற்று. அவளும் புறவாசலில் சுருண்டு படுத்தாள். நின்றதும் முழுகிவிட்டுப் போகலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அவளுக்கு நின்றுவிட்டது, அவ்வளவுதான். நின்ற பிறகு டாக்டர் எதற்கு? காய்ச்சல், தலைவலிக்குக் கசாயம் போதும்; டாக்டர் வேண்டியிருக்கிற நோவெல்லாம் பெண்ணுக்கு இந்த ஒதுங்கின நாட்களில்தான் வருகிறது. எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் இதையே சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

புதிர் அவிழ்ந்துவிட்டது. அவிழாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வேலைப் பொறிக்கச் சொன்னது யார்? ஆணியை வளைக்கச் சொன்னது யார்? பதினாறு நாளாகச் சோறு இறங்காமல் கிடக்கிற மனிதரிடம் போய் இதைச் சொல்வதா?

முன்கூடத்திலிருந்து திருஞானசம்பந்தத்தின் குரல் வந்தது. “அப்ப, எல்லாருக்கும் சம்மதம்தான?”

பிரம்மநாயகி நடுக்கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். “இங்க கொஞ்சம் வாங்க.”

“என்னளா? பேசிக்கிட்டு இருக்கோம்லா” என்றார் அம்பலவாணன்.

“இப்ப வாங்க.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்து வந்தார். பூசையறை வாசற்படியில் அவரை உட்கார வைத்தாள். துரட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, மாடத்தைக் காட்டினாள்.

பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்று யோசித்தே பழகிய மனிதர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. துரட்டியை நீட்டினார். கொக்கி சரியாகக் கீறல்களின்மேல் போய் நின்றது. இழுத்தார். வில்லை ஆடியது, வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

“அவளுக்கு என் ஒயரம்கூட இல்லையேளா” என்றார். பிறகு துரட்டியை மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பதினாறு நாளில் முதல்முறையாகச் சத்தம் வந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. ஐயம்பெருமாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

“வேல் இருந்தாப் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார் அம்பலவாணன். “தொடவே மாட்டாங்கன்னு நெனைக்கலையே.”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நானும் நெனைக்கல.”

அவர் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு, பிரம்மநாயகி மறுபடி புறவாசலுக்குப் போனாள். அழுவதற்கு நாள் நிறைய இருக்கிறது. இப்போது விட்டால் கூடத்துக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

வில்லையை எங்கே வைப்பது? சமையலறையில் வைக்க முடியாது; ஒதுங்கிய பெண்ணுக்கு அதுவும் விலக்கு. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். சாமி படமும் இருக்கக் கூடாது, அடகுக்குப் போகிற பித்தளையும் கூடாது. அப்படியானால் பழைய புரட்டு திரும்ப வரும், அதற்கு என்ன செய்வது?

சமையல்காரர்கள் தேங்காய் துருவிப் போட்ட சிரட்டைகள் கிணற்றடியில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. வேறொன்று. அதுவும் இல்லை. குவியலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று மேடு பள்ளத்தோடு மேடு பள்ளம் கடித்து, முழுத் தேங்காயாக மூடிக்கொண்டது.

ஒரு தேங்காய் உடைகிற மாதிரி இன்னொரு தேங்காய் உடைவதில்லை.

“இசக்கி, இதுல ஒரு பாதிய உங்கிட்டக் குடுத்து டாக்டருகிட்டக் கொண்டு போகச் சொன்னாப் போவியா?”

“சிரட்டைய எடுத்துக்கிட்டுப் போக என்ன தாயி, ஓட்டமாப் போவேன்.” இசக்கியம்மா மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். போகாமல் நின்றாள். “எம் மருமகளுக்கு இது ஏழாம் மாசம். எங்க தெருவையும் சேத்துக்கிட்டா நாங்களும் பிடியரிசி போடுவோம் தாயி. எங்க பொறவாசல்லயும் ஒண்ணு தொங்குமா?”

நிதியில் வீடுகளைச் சேர்ப்பது பிரம்மநாயகி கையில் இல்லை. முன்கூடத்தில் இருப்பவர்கள் கையில் இருந்தது. அவள் குனிந்து, பொருந்துகிற இன்னொரு ஜோடியைத் தேடி எடுத்துக் கிணற்றுச் சுவரில் தனியாக வைத்தாள்.

நடுக்கதவுக்குப் பின்னால் நின்று அவள் பேசியபோது, கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோமு எப்படிக் காத்திருந்தாள் என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்ல வெட்கமான வார்த்தைகளையும் விடாமல் சொன்னாள். தளவாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி எத்தனை முறை புறவாசலில் சுருண்டு கிடந்தாள் என்று எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. பிறகு, வேல் வில்லைக்குப் பதில் சிரட்டை வைக்கலாம் என்ற தன் யோசனையையும் பிரம்மநாயகி சொன்னாள்.

திருஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார். “வேலு இல்லன்னா பழையபடி கண்டவனும் கொண்டு போவானே, தாயி?”

“இதைப் பொருத்திப் பாருங்க அண்ணாச்சி.”

அவள் மூன்று சிரட்டைப் பாதிகளைத் தரையில் உருட்டிவிட்டாள். அவர் இரண்டை எடுத்துப் பொருத்தினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேரவில்லை. அம்பலவாணன் சிவந்த கண்களோடு குனிந்து, சரியான பாதியை எடுத்து நீட்டினார். அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மண்டிக்காரர் அந்த முழுச் சிரட்டையைக் கையில் வாங்கி, பொருந்திய கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“தீர்மானம் இன்னைக்கு வேண்டாம்” என்றார் கடைசியில். “வெள்ளிக்கிழமை கூடுவோம். தாயி, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

பிரம்மநாயகி சொன்னாள்:

“வீட்டுக்கு ஒரு சிரட்டை. ரெண்டு பாதியிலயும் அந்த வீட்டு அடையாளத்தைச் சூட்டுக்கோலால போட்டுருவோம். ஒரு பாதி டாக்டருகிட்ட இருக்கும். இன்னொரு பாதி பொறவாசல் சுவத்துல, உக்காந்தபடியே கை எட்டுத ஒயரத்துல, வளைக்காத ஆணியில தொங்கும். தீட்டுக்காரியும் தொடலாம், யாரும் எடுத்துக்கிட்டுப் போலாம். ரெண்டும் பொருந்தினா டாக்டரோ, நர்சு இன்பமணியோ அந்த வீட்டுக்கே வரணும். அதனால வெளியூருக்காரன் இரவல் வாங்கிப் பிரயோசனம் இல்ல. யாருக்குச் சீக்கு, என்ன சீக்குன்னு கொண்டு வந்தவகிட்டக் கேக்கப்படாது. அவ்வளவுதான்.”